ஒரு கதவு, நான்கு பாராமீட்டர்கள்: டைனமிக் பிளாக்கை வழிக்குக் கொண்டுவருவது எப்படி?

வீட்டுத் தள வரைபடத்தில் ஒரு கதவை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் அகலம் மாறும்: குளியலறைக்கு 750 மி.மீ., படுக்கையறைக்கு 900, தலைவாசலுக்கு 1000 அல்லது அதற்கும் மேல். சுவரின் தடிமனும் மாறும்: ஒரு செங்கல் சுவர் 230, அரைச் செங்கல் சுவர் 115. கீல் இடப்பக்கமோ வலப்பக்கமோ இருக்கலாம். கதவு உள்ளே திறக்கலாம், வெளியேயும் திறக்கலாம். மூன்று அகலம், இரண்டு சுவர், இரண்டு கீல், இரண்டு திசை என்று பெருக்கிப் பாருங்கள்: 24 பிளாக். ஒரே ஒரு கதவு வகைக்கு இவ்வளவு.

இந்தச் சிக்கலைத் தீர்க்கத்தான் ஆட்டோகேட் 2006 பதிப்பில் டைனமிக் பிளாக் வந்தது. ஒரே பிளாக்கைச் செருகி, கிரிப்பை இழுத்தோ பட்டியலில் தேர்ந்தெடுத்தோ 24 வடிவங்களில் எதையும் எடுக்கலாம். ஆனாலும் பல டிராஃப்டிங் அலுவலகங்களின் லைப்ரரியில் இன்றும் அந்த 24 பிளாக்குகள் தனித்தனியாகவே கிடக்கின்றன. காரணம் எளிது. முதல் பாராமீட்டரை எல்லோரும் போட்டுவிடுகிறார்கள். இரண்டாவதைச் சேர்த்ததும் பிளாக் குழம்புகிறது. அகலத்தை இழுத்தால் கதவு திறக்கும் வில் மட்டும் பழைய இடத்திலேயே நிற்கிறது. ஃப்ளிப் செய்தால் கதவு சுவரை விட்டுத் தள்ளிப்போய் விழுகிறது. அரை நாள் போராடிவிட்டு, பழைய பிளாக்கே போதும் என்று திரும்பிவிடுகிறார்கள்.

இதற்குக் காரணம் மென்பொருள் தெரியாதது அல்ல. எந்த அளவு மற்றவற்றை நடத்துகிறது, எது அதைப் பின்தொடர்கிறது என்று முடிவு செய்யாமலே பிளாக் எடிட்டரைத் திறந்துவிடுகிறார்கள். இந்தக் கட்டுரை முழுவதும் அந்த முடிவைப் பற்றியதுதான்.

முதலில் காகிதம்

கதவில் மாறக்கூடிய எல்லாவற்றையும் ஒரு தாளில் எழுதுங்கள். அகலம், சுவர்த் தடிமன், கீல் பக்கம், திறக்கும் திசை, ஷட்டரின் நீளம், வில்லின் ஆரம், வலப்பக்க நிலையின் இடம், கதவு எண் எழுதும் டேக்கின் இடம். ஒவ்வொன்றையும் பார்த்து ஒரு கேள்வி கேளுங்கள்: வரைபவர் இதைத் தனியாக முடிவு செய்ய வேண்டிய சூழ்நிலை எப்போதாவது வருமா?

முதல் நான்குக்கும் 'வரும்' என்பது பதில். மற்ற நான்குக்கும் 'வராது'. 900 அகலக் கதவுக்கு 750 ஷட்டரை யாரும் கேட்கப்போவதில்லை. ஆக, முதல் நான்கும் தலைமை அளவுகள். அவற்றுக்கு மட்டும் கிரிப் இருக்கட்டும். மீதி நான்கும் தாமாகவே பின்தொடர வேண்டியவை. கிரிப் கூடக் கூடப் பிளாக் திறமையானதாகத் தெரியலாம். ஆனால் அதைப் பயன்படுத்தும் சக ஊழியருக்குத் தவறு செய்யத்தான் கூடுதல் வாய்ப்பு கிடைக்கிறது.

அடிப்படையை ஒரு வரியில் சொல்லிவிடுகிறேன். எது மாறலாம் என்று சொல்வது பாராமீட்டர். அது மாறும்போது எந்தக் கோடு என்ன செய்ய வேண்டும் என்று சொல்வது ஆக்‌ஷன். ஆக்‌ஷன் இல்லாத பாராமீட்டரின் அருகே எடிட்டரில் மஞ்சள் நிற எச்சரிக்கைக் குறி தெரியும். இனி கதவைக் கட்டலாம்.

ஒரு பாராமீட்டருக்குப் பல ஆக்‌ஷன்

கீலை 0,0 புள்ளியில் வையுங்கள். சுவர் எக்ஸ் திசையில் போகட்டும். கதவை 90 பாகை திறந்த நிலையில் வரையுங்கள்: கீலிலிருந்து மேலே எழும் 35 தடிமனுள்ள ஷட்டர், அதன் முனையிலிருந்து வலப்பக்க நிலை வரை இறங்கும் கால்வட்ட வில். இப்போது கீலிலிருந்து வலப்பக்க நிலை வரை ஒரு லீனியர் பாராமீட்டர் போடுங்கள். பிராப்பர்ட்டீஸ் பலகத்தில் அதற்கு 'டோர் விட்த்' என்று பெயர் கொடுங்கள். 'டிஸ்டன்ஸ்1' என்ற பெயரை அப்படியே விட்டுவிட்டால், ஆறு பாராமீட்டர் சேர்ந்தபிறகு எது எதென்று உங்களுக்கே தெரியாது. கிரிப் எண்ணிக்கையை 1 ஆக்குங்கள், வலப்பக்கம் மட்டும். வேல்யூ செட்டில் இன்கிரிமென்ட் 50, குறைந்தபட்சம் 600, அதிகபட்சம் 1200 என்று கொடுங்கள். கைதவறி 873 அகலத்தில் கதவு உருவாகாமல் இது தடுக்கும்.

இந்த ஒரே பாராமீட்டருடன் நான்கு ஆக்‌ஷன்களை இணைக்க வேண்டும். நான்கும் ஒரே வகை அல்ல. பலர் இடறும் இடம் இதுதான்.

வலப்பக்க நிலைக்கு மூவ் ஆக்‌ஷன் போதும். நிலை முழுதாக நகர வேண்டும், நீளக்கூடாது.

ஷட்டருக்கு ஸ்ட்ரெட்ச். இங்கே ஒரு சிக்கல் இருக்கிறது. பாராமீட்டர் வலப்பக்கம் போகிறது, ஷட்டரோ மேல்நோக்கி நீள வேண்டும். இதற்காகவே ஆக்‌ஷனின் பிராப்பர்ட்டீஸில் ஆங்கிள் ஆஃப்செட் என்று ஒன்று இருக்கிறது. அதில் 90 கொடுங்கள். பாராமீட்டர் வலப்பக்கம் 100 நகர்ந்தால் ஷட்டரின் முனை 100 மேலே போகும். ஷட்டரின் மேல்முனையை மட்டும் ஸ்ட்ரெட்ச் சட்டத்துக்குள் வையுங்கள். தடிமன் 35 ஆகவே நிற்கும்.

வில்லுக்கு ஸ்ட்ரெட்ச் கொடுக்காதீர்கள். வில்லின் ஒரு முனையை இழுத்தால் வளைவு மாறும், கால்வட்டமாக இருக்காது. வில்லுக்கு ஸ்கேல் ஆக்‌ஷன்தான் சரி. பாராமீட்டரின் நீளம் எந்த விகிதத்தில் மாறுகிறதோ அதே விகிதத்தில் வில் பெருகும் அல்லது சுருங்கும். 900-லிருந்து 750-க்கு இறங்கினால் ஆரமும் 750 ஆகிவிடும். இது சரியாக வேலை செய்ய வில்லின் மையமும் ஸ்கேலின் அடிப்புள்ளியும் ஒன்றாக இருக்க வேண்டும். பாராமீட்டரைக் கீலிலிருந்தே தொடங்கச் சொன்னது இதற்காகத்தான். ஷட்டரையும் சேர்த்து ஸ்கேல் செய்துவிடலாமே என்று தோன்றும். செய்தால் அகலக் கதவுக்குத் தடித்த ஷட்டரும் குறுகிய கதவுக்கு மெலிந்த ஷட்டரும் வந்துவிடும்.

டேக் எப்போதும் கதவின் நடுவிலேயே இருக்க வேண்டும். அகலம் 100 கூடினால் நடுப்புள்ளி 50 தான் நகரும். மூவ் ஆக்‌ஷனின் டிஸ்டன்ஸ் மல்டிப்ளையரில் 0.5 என்று கொடுங்கள். இந்த 0.5-ஐ மறந்துவிடாதீர்கள், சற்று நேரத்தில் மீண்டும் தேவைப்படும்.

ஸ்ட்ரெட்ச் ஆக்‌ஷனின் விதியையும் சொல்லிவிட வேண்டும். தெரியாவிட்டால் என்ன தவறென்று கண்டுபிடிக்கவே முடியாது. ஸ்ட்ரெட்ச் இரண்டு விஷயங்களைக் கேட்கும்: ஒரு சட்டம், ஒரு தேர்வுத் தொகுப்பு. தேர்வில் இருந்து முழுக்கச் சட்டத்துக்குள் இருப்பது நகரும். தேர்வில் இருந்து சட்டத்தின் கோடு வெட்டிச் செல்வது நீளும். சட்டத்துக்குள் இருந்தும் தேர்வில் இல்லாதது அசையாது. நான்காவதுதான் பலரையும் திகைக்க வைக்கும்: தேர்வில் இருந்து சட்டத்துக்கு வெளியே இருப்பதும் நகர்ந்துவிடும். சம்பந்தமே இல்லாத கோடு ஒன்று கூடவே ஓடிவருகிறது என்றால், தேர்வுத் தொகுப்பைத் திறந்து அதை நீக்குங்கள்.

இரண்டாவது பாராமீட்டரும் ஒரு பொருள்தான்

இப்போது சுவர்த் தடிமன். இதற்கு இன்கிரிமென்ட் வேண்டாம், லிஸ்ட் போதும்: 115, 230. கீல் இருக்கும் பக்கத்துச் சுவர்முகம் அசையாமல் இருக்க, தடிமன் எதிர்ப்பக்கம் வளரட்டும். இரு நிலைகளின் எதிர்முனைகளையும் ஒரே ஸ்ட்ரெட்ச் சட்டத்துக்குள் பிடியுங்கள். தேர்வில் அந்த இரண்டு நிலைகள் மட்டும்.

இந்தப் பாராமீட்டரை எங்கே வைப்பது? இடப்பக்க நிலையருகே வைத்தால் சிக்கல் இல்லை. அகலம் மாறினாலும் அது நகர வேண்டியதில்லை. வலப்பக்க நிலையருகே வைத்தால், அகலத்தின் மூவ் ஆக்‌ஷனுக்குள் இந்தத் தடிமன் பாராமீட்டரையும் தேர்ந்தெடுத்தாக வேண்டும். இல்லையென்றால் நிலை போய்விடும், கிரிப் மட்டும் நடுவாசலில் தொங்கிக்கொண்டிருக்கும். பல பாராமீட்டர் பிளாக்குகளில் வரும் கோளாறுகளில் பெரும்பாலானவை இங்கிருந்தே பிறக்கின்றன. எடிட்டருக்குள் பாராமீட்டரும் ஒரு கோடு போல, வட்டம் போல ஒரு பொருள். அதை நகர்த்தலாம், ஸ்ட்ரெட்ச் செய்யலாம், ஃப்ளிப் செய்யலாம். வேறொரு ஆக்‌ஷனின் தேர்வில் நீங்கள் சேர்க்காவிட்டால் அது இருந்த இடத்திலேயே இருக்கும்.

ஃப்ளிப்பில் இது இன்னும் தெளிவாகத் தெரியும். கீல் பக்கத்தை மாற்ற, திறப்பின் நடுவே செங்குத்தாக ஒரு ஃப்ளிப் கோடு போடுகிறோம். பிளாக்கை 900 அகலத்தில் வரைந்தால் அந்தக் கோடு 450-இல் இருக்கும். பயனர் அகலத்தை 750 ஆக்குகிறார். கோடு இன்னமும் 450-இல்தான் நிற்கிறது. நடுப்புள்ளியோ 375-க்கு வந்துவிட்டது. இப்போது ஃப்ளிப் செய்தால் கதவு 150 மி.மீ. தள்ளி விழும். சுவரை விட்டுக் கதவு ஏன் விலகுகிறது என்று அரை நாள் தேடவைப்பது இதுதான். தீர்வு நமக்குத் தெரிந்ததே: டேக்கை நகர்த்திய அதே 0.5 மூவ் ஆக்‌ஷனில் ஃப்ளிப் பாராமீட்டரையும் சேர்த்துவிடுங்கள். உள்ளே வெளியே மாற்றும் இரண்டாவது ஃப்ளிப் கோடு சுவரின் மையத்தில் இருக்கும். சுவர்த் தடிமன் மாறும்போது மையமும் பாதியளவு நகரும் என்பதால், தடிமன் பாராமீட்டரின் கீழ் அதற்கும் ஒரு 0.5 மூவ் தேவை.

ஃப்ளிப் ஆக்‌ஷனின் தேர்வில் கோடுகளோடு அகலம், தடிமன் பாராமீட்டர்களையும் சேருங்கள். சேர்க்காவிட்டால் கதவு திரும்பிவிடும், அகலக் கிரிப் பழைய பக்கத்திலேயே இருந்து தவறான திசையில் இழுக்கும். கீல் ஃப்ளிப்பில் டேக்கைச் சேர்க்க வேண்டிய அவசியமில்லை. அது நடுக்கோட்டில்தான் இருக்கிறது.

ஜன்னலுக்கு வேறு வழி இருக்கிறது. லீனியர் பாராமீட்டரின் பேஸ் லொக்கேஷனை மிட்பாயின்ட் ஆக்கினால் அகலம் இருபுறமும் சமமாக வளரும், நடுக்கோடு அசையாது. இரு பக்கமும் ஒரே மாதிரி இருக்கும் ஜன்னல், மேசை, தூண் போன்றவற்றுக்கு இது மிகவும் வசதி. கதவுக்கு நான் இதைப் பரிந்துரைக்க மாட்டேன். கீலே நகரத் தொடங்கினால் வில்லின் அடிப்புள்ளியையும் துரத்த வேண்டியிருக்கும்.

சங்கிலி

இதுவரை ஒரு பாராமீட்டர் பல உருவங்களை நடத்தியது. ஒரு பாராமீட்டர் இன்னொரு பாராமீட்டரையே நடத்த வேண்டிய இடமும் வரும். மீட்டிங் டேபிள் நல்ல உதாரணம். மேசையை நீட்டினால் இருபுறமும் நாற்காலிகள் தாமாகக் கூட வேண்டும். நாற்காலிகளைப் பெருக்குவது அர்ரே ஆக்‌ஷன். எத்தனை நாற்காலி என்பதை அது தன் பாராமீட்டரின் நீளத்திலிருந்து கணக்கிடும். ஆனால் நாற்காலி வரிசை மேசையின் முழு நீளத்துக்கும் போவதில்லை; இரு முனையிலும் 150 மி.மீ. இடம் விடுகிறோம். மேசையின் நீளத்தோடு நேரடியாக அர்ரேயை இணைத்தால் சில நீளங்களில் ஒரு நாற்காலி மேசை முனையைத் தாண்டி நிற்கும்.

அதனால் மேல்வரிசைக்கு ஒன்று, கீழ்வரிசைக்கு ஒன்று என்று தனித்தனி லீனியர் பாராமீட்டர் போட்டு, ஒவ்வொன்றிலும் அர்ரேயை இணையுங்கள். பிறகு மேசை நீளத்தின் ஸ்ட்ரெட்ச் சட்டத்துக்குள் மேசையின் வலமுனையோடு இந்த இரண்டு பாராமீட்டர்களின் வலமுனைகளும் வரட்டும். தேர்விலும் இரண்டையும் சேருங்கள். கடைசியாக, அந்த இரண்டு வரிசைப் பாராமீட்டர்களின் பிராப்பர்ட்டீஸில் செயின் ஆக்‌ஷன்ஸ் என்பதை 'யெஸ்' ஆக்குங்கள். வழக்கமாக அது 'நோ' என்றே இருக்கும். 'நோ' என்றால் மேசையோடு வரிசைப் பாராமீட்டர் நீளும், ஆனால் அதன் அர்ரே வேலை செய்யாது. 'யெஸ்' என்றால் பயனரே கிரிப்பை இழுத்தது போல அர்ரேயும் இயங்கும்.

வரிசைப் பாராமீட்டர்களின் கிரிப் எண்ணிக்கையைப் பூஜ்யமாக்குங்கள், ஷோ பிராப்பர்ட்டீஸை 'நோ' ஆக்குங்கள். பயனர் பார்ப்பது மேசை நீளம் என்ற ஒன்றை மட்டுமே. அளவு வரம்பையும் அந்தத் தலைமைப் பாராமீட்டரில் மட்டும் கொடுங்கள்.

சங்கிலி இயங்கவில்லை என்றால் மூன்றை மட்டும் பாருங்கள்: பின்தொடரும் பாராமீட்டர் தேர்வில் இருக்கிறதா, அதன் சரியான முனை சட்டத்துக்குள் இருக்கிறதா, செயின் ஆக்‌ஷன்ஸ் பின்தொடரும் பாராமீட்டரில் மாற்றப்பட்டிருக்கிறதா. மூன்றாவதைத் தலைமைப் பாராமீட்டரில் மாற்றிவிட்டுக் காத்திருப்பவர்கள் அதிகம். இரண்டு பாராமீட்டர்கள் ஒன்றையொன்று இழுக்கும்படி வளையம் போடாதீர்கள். சங்கிலி எப்போதும் ஒரே திசையில் இறங்கட்டும்.

பட்டியலில் தேர்ந்தெடுத்தால் எல்லாம் மாறவேண்டும் என்றால்

பயனர் எதையும் இழுக்காமல் ஒரு பெயரைத் தேர்ந்தெடுத்தால் போதும் என்பதற்கு லுக்கப் இருக்கிறது. லுக்கப் அட்டவணையில் இடப்பக்கம் உள்ளீட்டு அளவுகள், வலப்பக்கம் பெயர். டி1 என்றால் 1000, டி2 என்றால் 900, டி3 என்றால் 750. பெயர்ப் பத்தியின் அடியில் ரிவர்ஸ் லுக்கப்பை அனுமதித்தால்தான் கிரிப்பில் பட்டியல் விரியும். அதற்கு ஒரு நிபந்தனை: எந்த இரண்டு வரிசைகளும் ஒன்றுபோல இருக்கக்கூடாது. அட்டவணையிலேயே உள்ள ஆடிட் பொத்தான் இதைச் சரிபார்த்துச் சொல்லும். பாராமீட்டரின் வேல்யூ செட்டை முடித்துவிட்டு அட்டவணைக்கு வாருங்கள். இன்கிரிமென்ட் 50 வைத்த பாராமீட்டருக்கு அட்டவணையில் 825 எழுதினால் இரண்டும் மோதும்.

அட்டவணையில் சுவர்த் தடிமனையும் சேர்க்கலாமா? சேர்க்க வேண்டாம். டி3 குளியலறைக் கதவு பெரும்பாலும் 115 சுவரில் வரும் என்பது உண்மைதான். ஆனால் 230 சுவரிலும் வரும் நாள் உண்டு. எப்போதும் சேர்ந்தே மாறும் அளவுகளை மட்டும் ஒரே வரிசையில் கட்டுங்கள். சில சமயம் சேர்ந்து மாறுபவை தனியாகவே இருக்கட்டும்.

எப்போதும் சேர்ந்தே மாறுவதற்கு எஃகு உத்தரத்தைவிட நல்ல உதாரணம் கிடையாது. இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 808-இன்படி ஐஎஸ்எம்பி 200 என்றால் ஆழம் 200, ஃபிளாஞ்ச் அகலம் 100. ஐஎஸ்எம்பி 250 என்றால் 250, 125. ஐஎஸ்எம்பி 300 என்றால் 300, 140. இவற்றோடு வெப் தடிமனும் ஃபிளாஞ்ச் தடிமனும் ஒவ்வொன்றுக்கும் வேறு. நான்கு அளவுகளும் ஒரு பெயருக்குக் கட்டுப்பட்டவை, ஒன்றைக்கூடத் தனியே மாற்றக்கூடாது. இங்கே லுக்கப்பைவிட, ஆட்டோகேட் 2010-இல் வந்த பிளாக் பிராப்பர்ட்டீஸ் டேபிள் சிறந்தது. நான்கு பத்திகளை அமைத்துவிட்டு, எக்செல்லில் தயாராக இருக்கும் எண்களை அப்படியே ஒட்டலாம். பிளாக்கின் அளவுகள் அட்டவணையின் ஏதாவது ஒரு வரிசையோடு பொருந்தியே ஆகவேண்டும் என்று ஒரு பெட்டி இருக்கிறது, அதில் குறியிட்டுவிடுங்கள். இல்லாத உத்தரம் ஒன்றை யாராலும் உருவாக்க முடியாது. நான்கு பாராமீட்டர்களுக்கும் கிரிப் பூஜ்யம். எண்களைப் பழைய டிராயிங்கிலிருந்து எடுக்காதீர்கள், தர நிர்ணயத்தின் நடப்புப் பதிப்பைப் பாருங்கள்.

இத்தகைய டேபிளில் வரைபட உருவமே இல்லாத தகவலையும் யூசர் பாராமீட்டராகச் சேர்க்கலாம். கதவின் உயரம் தள வரைபடத்தில் தெரியாது, ஆனால் ஷெட்யூலுக்கு வேண்டும். டி2-வும் டி4-வும் 900 அகலம்தான், உயரம் மட்டும் வேறு என்றால், உயரப் பத்தி இருந்தால்தான் இரண்டையும் பிரிக்க முடியும்.

விசிபிலிட்டியை அளவுக்குப் பயன்படுத்தாதீர்கள்

ஒரு பிளாக்குக்கு ஒரே ஒரு விசிபிலிட்டி பாராமீட்டர்தான். இந்த வரம்பை மறந்து வேலையைத் தொடங்கினால் பாதி வழியில் முட்டிக்கொள்வீர்கள். 750, 900, 1000 என்று மூன்று கதவுகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக வரைந்து, ஒவ்வொன்றையும் ஒரு விசிபிலிட்டி நிலையில் காட்டும் பிளாக்குகள் நிறைய இருக்கின்றன. அதில் சுவர்த் தடிமனைச் சேர்த்தால் ஆறு நிலை, கைப்பிடி வகையைச் சேர்த்தால் பன்னிரண்டு. ஒரு கோட்டைத் திருத்த வேண்டுமென்றால் பன்னிரண்டு நிலைகளிலும் திருத்த வேண்டும்.

வடிவமே மாறும்போது மட்டும் விசிபிலிட்டிக்குப் போங்கள்: ஒற்றைக் கதவு, இரட்டைக் கதவு, சறுக்கும் கதவு. அளவு மாறுவதெல்லாம் லீனியரின் வேலை. எடிட்டரில் பிவிமோட் மாறியை 1 ஆக்கினால் மறைக்கப்பட்ட கோடுகள் மங்கலாகத் தெரியும். எது எந்த நிலையைச் சேர்ந்தது என்று குழம்பாமல் வரைய இது உதவும். இரண்டாவது விசிபிலிட்டி தேவைப்படுகிறதே என்று ஒரு டைனமிக் பிளாக்குக்குள் இன்னொன்றைப் பதிக்கலாம், ஆனால் உள்ளே இருப்பதன் கிரிப் வெளியிலிருந்து கிடைக்காது. அப்படியொரு தேவை வந்தால் பிளாக்கை இரண்டாகப் பிரிப்பதே நல்லது.

கட்டுப்பாட்டு வழி

ஆக்‌ஷன்களே இல்லாமல், வடிவியல் கட்டுப்பாடுகளும் பரிமாணப் பாராமீட்டர்களும் கொண்டு பிளாக் கட்டும் முறை ஆட்டோகேட் 2010-இல் வந்தது. இணை, செங்குத்து, சமம் என்று உறவுகளைச் சொல்லிவிட்டு, பாராமீட்டர் மேனேஜரில் கணக்கு எழுதலாம்: வெப்பின் நடுக்கோடு ஃபிளாஞ்ச் அகலத்தில் பாதி, துளையின் தூரம் தட்டின் நீளத்தில் கால்பங்கு என்று. பின்தொடரும் அளவுகளை 0.5 மல்டிப்ளையராக ஒளித்துவைக்காமல் வெளிப்படையான சூத்திரமாக எழுதுகிறோம். ஆறு மாதம் கழித்துத் திறப்பவருக்கும் புரியும். எஃகுக் குறுக்குவெட்டு, போல்ட், பிளேட் போன்ற இயந்திர உருவங்களுக்கு நான் இதைத்தான் தேர்வேன்.

இரண்டு எச்சரிக்கை. குறைந்தது ஒரு புள்ளியையாவது ஃபிக்ஸ் செய்யுங்கள். இல்லாவிட்டால் அளவை மாற்றும்போது உருவம் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் நகரும். ஒரே கோட்டின்மீது கட்டுப்பாட்டையும் ஸ்ட்ரெட்ச் ஆக்‌ஷனையும் சேர்த்துப் போடாதீர்கள். எது வெல்லும் என்று ஊகிக்க முடியாது. கதவு போல ஃப்ளிப் மிகுந்த கட்டட பிளாக்குகளுக்கு ஆக்‌ஷன் வழியே சுலபம்.

அலுவலகத்தில் விடுவதற்கு முன்

எடிட்டருக்குள்ளேயே டெஸ்ட் பிளாக் என்ற சாளரம் இருக்கிறது. அதில் பாராமீட்டர்களைத் தனித்தனியாக மட்டும் சோதிக்காதீர்கள், இணைத்துச் சோதியுங்கள். அகலத்தைக் குறைத்து ஃப்ளிப் செய்யுங்கள். ஃப்ளிப் செய்தபின் அகலத்தைக் கூட்டுங்கள். தடிமனை மாற்றி இரண்டு ஃப்ளிப்பையும் ஒன்றன்பின் ஒன்றாகச் செய்யுங்கள். மிகச் சிறிய அளவுக்கும் மிகப் பெரிய அளவுக்கும் போய்த் திரும்புங்கள். பிளாக்கைச் சுழற்றியும் செருகிப் பாருங்கள். வரிசை மாறும்போதுதான் மறைந்திருக்கும் பிழை வெளியே வரும்.

பாராமீட்டரின் பெயரை முதல் நாளே முடிவு செய்யுங்கள். நூறு டிராயிங்குகளில் பயன்பாட்டுக்குப் போன பிளாக்கில் பெயரையோ பாராமீட்டரையோ மாற்றிச் சேமித்தால், ஏற்கெனவே செருகியவை ஆரம்ப அளவுக்குத் திரும்பும் ஆபத்து உண்டு. 750 கதவுகள் சத்தமில்லாமல் 900 ஆகி, அந்த டிராயிங் சைட்டுக்குப் போய்விட்டால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. பெரிய மாற்றம் வேண்டுமென்றால் புதிய பெயரில் புதிய பிளாக் செய்யுங்கள். பிளாக்கின் வரையறை அந்தந்த டிராயிங்குக்குள்ளேயே இருக்கிறது. லைப்ரரிக் கோப்பைத் திருத்தினால் பழைய டிராயிங்குகள் தாமாக மாறாது என்பதும் நினைவிருக்கட்டும். யாராவது இரட்டைக் கிளிக் செய்து பிளாக்கைத் திருத்திவிடக் கூடாது என்றால் பிளாக்எடிட்லாக் மாறியை 1 ஆக்கலாம். ஸ்கேல் யூனிஃபார்ம்லி என்பதை 'யெஸ்' ஆக்குங்கள். ஒரு பக்கம் மட்டும் ஸ்கேல் செய்து கதவை நசுக்குவதை அது தடுக்கும். அமெரிக்க வேலைகளுக்கு அடி-அங்குலக் கதவு வேண்டுமென்றால் தனிக் கோப்பு வையுங்கள். மி.மீ. பிளாக்கை 25.4-ஆல் வகுத்துச் செருகினால் இன்கிரிமென்ட்டுகள் பொருளற்ற எண்களாகிவிடும்.

கணக்கெடுப்பவர்களுக்கு ஒரு குறிப்பு. டைனமிக் பிளாக்கில் ஓர் அளவை மாற்றியதும், ஆட்டோகேட் உள்ளுக்குள் அந்தக் கதவுக்கு நட்சத்திரக் குறியும் யு என்ற எழுத்தும் எண்ணும் கொண்ட பெயரற்ற பிளாக் ஒன்றை உருவாக்கிக்கொள்ளும். பிளாக்கின் பெயரை மட்டும் வைத்து எண்ணும் பழைய லிஸ்ப் நிரல் அந்தக் கதவுகளைத் தவறவிடும். நிரலில் எஃபெக்டிவ் நேமைப் படிக்கச் சொல்லுங்கள். நிரல் வேண்டாம் என்றால் டேட்டா எக்ஸ்ட்ராக்‌ஷன் கட்டளை அகலம், தடிமன், கதவு எண் எல்லாவற்றையும் அட்டவணையாக எடுத்துத் தரும். டிராயிங்கில் கதவு மாறினால் அட்டவணையைப் புதுப்பித்தால் போதும். கதவு ஷெட்யூலைக் கையால் எண்ணி எழுதிய காலத்தை நினைத்தால், பாராமீட்டர்களுக்குப் பொறுமையாகப் பெயர் வைத்த நேரம் முழுதாகத் திரும்பக் கிடைத்துவிடும்.

வேலை தேடுபவருக்கு

ஐடிஐ டிராஃப்ட்ஸ்மேன் படிப்பையோ டிப்ளமோவையோ முடித்து வரும் பலருக்கும் கோடு போடத் தெரியும். பிறர் பயன்படுத்தும்படி ஒரு பிளாக்கைக் கட்டத் தெரிந்தவர்கள் குறைவு. நேர்முகத் தேர்வுக்குப் போகும்போது ஐம்பது டிராயிங்கின் பிடிஎஃப்போடு ஒரு டிடபிள்யூஜி கோப்பையும் கொண்டுபோங்கள். அதில் நீங்களே கட்டிய ஒரு கதவு, ஒரு மேசை, ஓர் எஃகு உத்தரம் போதும். எந்த அளவு தலைமை, எது ஏன் பின்தொடர்கிறது, எதற்கு ஏன் கிரிப் கொடுக்கவில்லை என்று விளக்கத் தயாராக இருங்கள். கேட்பவர் அனுபவசாலி என்றால் உங்கள் கையிலிருந்து மவுஸை வாங்கி, கதவைக் குறுக்கி, ஃப்ளிப் செய்து, மீண்டும் அகலப்படுத்திப் பார்ப்பார்.

இந்தச் சிந்தனை ஆட்டோகேட்டோடு நின்றுவிடுவதில்லை. ரெவிட்டுக்கு மாறும் அலுவலகத்தில் ஃபேமிலி கட்டுபவர் கேட்கும் முதல் கேள்வியும் இதுதான்: எது டைப் பாராமீட்டர், எது இன்ஸ்டன்ஸ் பாராமீட்டர்? டி2 என்ற பெயரோடு எப்போதும் சேர்ந்து மாறுவது டைப். ஒவ்வொரு கதவுக்கும் தனியே மாறக்கூடியது இன்ஸ்டன்ஸ். லுக்கப் அட்டவணையில் எதைச் சேர்க்கலாம், எதைச் சேர்க்கக்கூடாது என்று யோசித்துப் பழகியவருக்கு அங்கே புதிதாகக் கற்க வேண்டியவை பொத்தான்கள் இருக்கும் இடம் மட்டும்தான்.